படம் செதுக்கிய ஹாலோவீன் பூசணி: எங்கே கெடுகிறது, எப்படிச் சரிசெய்வது

அக்டோபர் 31 ஹாலோவீன் இரவுக்குப் பூசணியைக் குடைந்து, முகம் வெட்டி, உள்ளே விளக்கு வைப்பார்கள். முக்கோணக் கண்ணும் பல்லிளிக்கும் வாயும் வெட்ட ஒரு கத்தியும் அரைமணி நேரமும் போதும். ஓநாயின் ரோமம், கிழவியின் முகச் சுருக்கம், மொட்டை மரத்துக்குப் பின்னால் நிலா என்று போனால் கதை வேறு. அங்கே பூசணிச் சுவர்தான் திரை. எந்த இடத்தில் எவ்வளவு வெளிச்சத்தை வெளியே விடுவது என்று அளந்து சுரண்டுவதுதான் வேலை. தோலைத் தொடாமல் விட்ட இடம் இருட்டில் கறுப்பு. தோலை மட்டும் சீவிய இடம் மங்கிய செம்மஞ்சள். சதையையும் பாதி ஆழம் சுரண்டிய இடம் பளிச்சென்ற மஞ்சள். துளைத்துவிட்ட இடம் வெள்ளை. இந்த 4 நிறங்களுக்குள்தான் முழுப் படமும் அடங்க வேண்டும். கீழே வரும் கோளாறுகளில் பல, சுவரின் கனம் சரியில்லாததால் வருபவை. ஆனால் அவை தலைகாட்டுவது கடைசியில், விளக்கை உள்ளே வைத்த பிறகு.

ஆகவே முதலில் காயையும் சுவரையும் பார்த்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவிலும் கனடாவிலும் அக்டோபரில் குவித்து விற்கும் செதுக்குப் பூசணி குக்குர்பிட்டா பெப்போ இனம். மாசச்சூசெட்ஸ் விவசாயி ஜான் ஹவ்டன் உருவாக்கிய 'ஹவ்டன்' அதில் பேர்போன ரகம். விட்டம் சுமார் 30 செ.மீ., அழுத்தினால் அமுங்காத தோல், பச்சை மாறாத காம்பு, ஆடாமல் உட்காரும் அடி, ஒரு பக்கமாவது வரிப்பள்ளம் ஆழமில்லாத வழவழப்பான முகம்: இவ்வளவும் இருந்தால் எடுத்துக்கொள்ளலாம். 'பை' பலகாரத்துக்கு விற்கும் சின்ன சர்க்கரைப் பூசணி வேண்டாம். சதை தடிமன், உள்ளே இடமும் இல்லை. இந்தியக் கடையில் கீற்றாக வெட்டி விற்கும் சாம்பார்ப் பரங்கி பெரும்பாலும் மொஸ்காட்டா என்ற வேறு இனம். அதன் அடர்ந்த சதையில் நுண்வேலை செய்தால் கைதான் நோகும்.

அடிப்பக்கம் திறந்து, விதையையும் நாரையும் வழித்து, படம் வரும் பக்கத்தை உள்ளிருந்து ஒரே சீராக 2 செ.மீ. கனம் வரும்வரை சுரண்டுங்கள். மற்ற பக்கங்களைக் கனமாகவே விடலாம். காயைத் தாங்குவது அவைதான். கனத்தை அளக்க, நீளமான ஊசியில் நுனியிலிருந்து 2 செ.மீ. தள்ளி டேப்பைச் சுற்றிக்கொண்டு, எப்படியும் துளையாகப் போகிற இடத்தில் குத்துங்கள். டேப் தோலில் முட்டும்போது நுனி உள்ளே விரலில் பட்டால் போதும்.

கருவிகள்: மெல்லிய அலகுள்ள பூசணி ரம்பம், கைவினைக் கத்தி, களிமண் வேலைக்கான வளையச் சுரண்டி, லினோ (அச்சு செதுக்கும் மெத்தென்ற தகடு) வெட்டும் உளி, குத்தூசி, சுழல் துளைப்பான் (டிரில்). காயைப் பிடிக்கும் கைக்கு வெட்டுப்படாத கையுறை. சமையலறைக் கத்தியை இந்த வேலைக்கு எடுக்காதீர்கள். கனத்த சதையில் இறுகிப் பிடித்து, பலம் கொடுத்து இழுக்கும்போது சட்டென்று விடுபட்டுக் கையில் பாயும்.

படத்தாள் ஒட்டவில்லை, ஓரமெல்லாம் சுருக்கம்

படம் வரைந்த தாளைக் காயின்மேல் டேப்பால் ஒட்டி, கோடுகள்மேல் ஊசியால் புள்ளி புள்ளியாகக் குத்தித்தான் படத்தைத் தோலுக்கு மாற்றுகிறோம். தட்டைத் தாளை உருண்டையில் ஒட்டினால் ஓரத்தில் தாள் மிஞ்சும். அது மடிந்த இடத்தில் கோடும் கோணும். படத்தின் அகலம் காயின் சுற்றளவில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. சுற்றளவு 95 செ.மீ. என்றால் படம் 30 செ.மீ.க்குள் இருக்கட்டும். தாளின் நான்கு பக்கத்திலிருந்தும் படத்தை நோக்கி, கோடுகள் இல்லாத இடமாகப் பார்த்து 4, 5 செ.மீ. நீளத்துக்குக் கத்தரித்து விடுங்கள். ரவிக்கைக்கு டார்ட் பிடிப்பதுபோல் ஒன்றன்மேல் ஒன்று ஏறி உட்கார்ந்துவிடும். நடுவில் ஒட்டத் தொடங்கி வெளியே போங்கள். முகப்படம் என்றால் மூக்கு காயின் மிகப் புடைத்த இடத்தில் வரட்டும். கண்ணும் காதும் வளைவில் போனாலும் பார்வைக்கு உறுத்தாது.

டேப்பே பிடிக்கவில்லையா? காயில் ஈரமோ, கழுவிய சோப்போ இருக்கிறது. துடைத்து, நன்றாக உலரவிட்டு ஒட்டுங்கள்.

குத்திய புள்ளிகள் கண்ணுக்குத் தெரியவில்லை

தாளை எடுத்ததும் தோலெங்கும் ஊசித்துளை; எது கண், எது புருவம் என்று புரியாது. ஒரு பிடி மைதாவையோ சோள மாவையோ பூசித் தேய்த்து, மேலே மட்டும் துடைத்தால் துளைகளில் மாவு தங்கி வெள்ளைப் புள்ளிக்கோடாகத் தெரியும். நேர்க்கோட்டில் 4 மி.மீ.க்கு ஒரு புள்ளி போதும்; வளைவிலும் மூலையிலும் 2 மி.மீ.க்கு ஒன்று வேண்டும். படத்தின் இன்னொரு பிரதியைக் கண்ணெதிரே ஒட்டிவைத்துக்கொள்ளுங்கள். அதில் துளைக்க வேண்டியதைச் சிவப்பிலும் சுரண்ட வேண்டியதை மஞ்சளிலும் தீட்டிவிட்டால், நள்ளிரவில் தூக்கக் கலக்கத்திலும் தப்பு வராது.

ரம்பம் சிக்குகிறது, அலகு ஒடிகிறது

திருப்பத்தில் அலகை முறுக்குகிறீர்கள். மெல்லிய அலகு முறுக்கைத் தாங்காது. மூலை வந்ததும் ரம்பத்தை வெளியே எடுத்து, புதுத் திசையில் மறுபடி குத்தி அறுங்கள். பென்சில்போல் பிடித்து, சுவருக்குச் செங்குத்தாக, குட்டிக் குட்டி வீச்சாக மேலும் கீழும். அழுத்தவே வேண்டாம். அழுத்தாமல் நகரவில்லை என்றால் சுவர் இன்னும் கனம். உள்ளே போய்ச் சுரண்டுங்கள். நாரும் சதையும் பல்லில் அடைத்தாலும் ரம்பம் வழுக்கும். பக்கத்தில் ஒரு கிண்ணம் தண்ணீர் வைத்து அடிக்கடி முக்கித் துடையுங்கள்.

கண்மணி, நட்சத்திரம் போன்ற சிறு வட்டங்களை ரம்பத்தால் அறுக்க முயல வேண்டாம். 3 முதல் 6 மி.மீ. துளைப்பானை முதலில் சுழலவிட்டு, பிறகு தோலில் வையுங்கள். நின்ற நிலையில் வைத்துச் சுழற்றினால் தோலைப் பிய்த்துக்கொண்டு போகும்.

ஒரு துண்டு உடைந்து விழுந்துவிட்டது

துண்டைத் தூக்கிப் போடாதீர்கள். பல்குத்தும் குச்சியின் பாதியைத் துண்டிலும் பாதியைச் சுவரிலும் செருகி ஒட்டவைக்கலாம். துண்டு சுழலாமல் இருக்க இரண்டு குச்சி வேண்டும். மெலிந்த துண்டுக்குக் குச்சி பிளவை உண்டாக்கும்; குண்டூசி போதும். இருட்டில் இந்த ஒட்டு யாருக்கும் தெரியாது.

ஏன் விழுந்தது என்று பார்க்காவிட்டால் அடுத்ததும் விழும். படத்திலேயே குறை இருக்கலாம். கோலமாவு அச்சுத் தகட்டைப் பார்த்திருப்பீர்கள்: எந்த வடிவமும் நடுவில் தனியாக நிற்காது, ஏதாவது ஒரு கம்பியால் சட்டத்தோடு இணைந்திருக்கும். பூசணிக்கும் அதே கணக்கு. சுற்றிலும் துளைத்த பிறகு நடுவில் தனித்து நிற்கும் பகுதி தீவு; தீவு விழுந்தே தீரும். ஆங்கிலத்து 'ஓ', நம் 'க' எழுத்தின் மூடிய வளையம், நிலாவுக்குள் பறக்கும் வௌவால் எல்லாம் தீவுதான். படத்தாளில் துளைகளைச் சிவப்பாக்கிவிட்டு, மிச்சமுள்ள ஒவ்வொரு கறுப்பிலிருந்தும் தாளின் ஓரத்துக்கு விரலை எடுக்காமல் போக முடிகிறதா என்று பாருங்கள். போக முடியாத இடத்தில் பாலம் வரையுங்கள். பாலம் வரைந்தால் படம் கெடும் என்றால் அந்த இடத்தைத் துளைக்காமல் சுரண்டி மட்டும் விடுங்கள். நிலாவை மஞ்சளாகச் சுரண்டிவிட்டால் வௌவால் பாலமே இல்லாமல் நிற்கும். பார்க்கவும் அதுதான் அழகு.

படம் சரியாக இருந்தும் உடைந்தால் வெட்டிய வரிசை தப்பு. ஒவ்வொரு துளையும் சுவரைப் பலவீனமாக்குகிறது. நடுவிலுள்ள மிகச் சிறிய வேலையை முதலில் முடித்து, வெளிப்பக்கமாக நகர்ந்து, பெரிய துளைகளைக் கடைசிக்கு வையுங்கள். வாயைத் திறந்துவிட்டுப் பல்லைச் செதுக்கக் கூடாது. அறுத்த துண்டுகளை உடனே தள்ளிவிடாமல், வேலை முடியும்வரை அங்கேயே விட்டுவைத்தால் முட்டுக்கொடுக்கும். பெரிய துண்டு வெளியே வர அடம்பிடித்தால் குத்தித் தள்ளாதீர்கள். அதையே மூன்று நான்காக அறுத்து ஒவ்வொன்றாக எடுங்கள்.

இரண்டு துளைகளுக்கு நடுவில் நிற்கும் கம்பி 5 மி.மீ.க்குக் குறையக் கூடாது. நீளமான கம்பி என்றால் 8 மி.மீ. மரக்கிளை வரைபவர்கள் இதைத்தான் மறந்துபோகிறார்கள்.

தோல் சீவும்போது கோட்டைத் தாண்டிக் கிழிகிறது

லினோ உளி எங்கே நிற்க வேண்டும் என்று அதற்குத் தெரியாது. முதலில் கைவினைக் கத்தியால் எல்லைக்கோடு முழுக்க 2, 3 மி.மீ. ஆழத்துக்குக் கீறிவிடுங்கள். பிறகு எல்லையிலிருந்து விலகும் திசையில் சீவுங்கள். கத்திக் கீறல் இருக்கும் வரைதான் தோல் உரியும். மழுங்கிய கத்தி தோலை நசுக்கும். ஒரு முகப்படத்துக்கு இரண்டு அலகாவது மாற்ற வேண்டியிருக்கும். தவறிக் கிழிந்த தோலை மறுபடி ஒட்ட முடியாது. கிழிசலைப் படத்தோடு சேர்த்துவிடுங்கள்: ரோமமாகவோ சுருக்கமாகவோ ஆக்கிவிட்டால் பிழை என்று எவரும் சொல்லப் போவதில்லை.

பகலில் அச்சு அசல். விளக்கேற்றினால் வேறு ஆள்

பகல் வெளிச்சத்தில் துளை கறுப்பு, சீவிய சதை வெளிறிய மஞ்சள், தோல் ஆரஞ்சு. இருட்டில் துளைதான் எல்லாவற்றையும்விட வெள்ளை, தோல் கறுப்பு. பகலில் பார்த்துப் பார்த்துச் செதுக்கியவர் கண்மணி கறுப்பாகத் தெரியட்டும் என்று துளைத்துவிடுவார். இரவில் அந்த ஆளின் கண்ணிலிருந்து வெள்ளை விளக்கு எரியும். கண்மணிக்குத் தோலை விடுங்கள். கண் வெள்ளையை ஆழமாகச் சுரண்டுங்கள். கண்ணில் மின்னும் ஒற்றைப் பொட்டை மட்டும் துளையுங்கள். புகைப்படத்திலிருந்து மாதிரி எடுப்பதானால், முதலில் கறுப்பு வெள்ளையாக்கி, படத்திருத்தச் செயலியில் 'போஸ்டரைஸ்' கொடுத்து 4 நிலைகளுக்குக் குறைத்துக்கொள்ளுங்கள். எது தோல், எது துளை என்ற தீர்மானம் தாளிலேயே முடிந்துவிடும்.

பல்வரிசையில் ஒவ்வொரு பல்லுக்கும் கோடு போட்டால் சிரிப்பு மண்டையோடாகிவிடும். முகப்படத்தில் பற்களை ஒரே வெள்ளைப் பட்டையாக விடுங்கள்.

சுரண்டிய இடம் ஒளிரவில்லை, ஒளிர்ந்தாலும் திட்டுத் திட்டாக

மணிக்கணக்கில் சுரண்டியவருக்கு மனம் உடையும் இடம் இது. சரிசெய்யவும் வழி உண்டு, ஏனென்றால் சதையை இன்னும் எடுக்கலாம்.

அறையை முழுக்க இருட்டாக்கி, ஒளி கூடிய எல்.ஈ.டி. விளக்கை உள்ளே வையுங்கள். படம் முழுவதும் மங்கல் என்றால் சுவரே கனம். வெளியே தொடாதீர்கள்; உள்ளிருந்து வளையச் சுரண்டியால் மெல்ல மெல்ல எடுங்கள். வெளிப்பக்கம் ஆழம் போட்டால் படத்தின் ஓரங்கள் செங்குத்துப் பள்ளமாகி, பக்கவாட்டிலிருந்து பார்க்கும்போது கறுப்பு நிழல் விழும். 2 செ.மீ. சுவரில் தோலை மட்டும் எடுத்தால் அடர்ந்த செம்மஞ்சள், 1 செ.மீ. மிச்சம் வைத்தால் மஞ்சள், 5 மி.மீ. மிச்சம் வைத்தால் ஏறக்குறைய வெள்ளை. 5 மி.மீ.க்குக் கீழே போனால் மறுநாளே வாடித் தொய்யும்.

நெடுக்குவாட்டில் கறுப்பு வரிகள் தெரிந்தால் அது காயின் புடைப்பு. வெளியே புடைத்த இடத்தில் சுவர் தடிமன், வரிப்பள்ளத்தில் மெலிவு. உள்ளே கைவிட்டு அந்தப் புடைப்பின் பின்பக்கத்தை மட்டும் கூடுதலாகச் சுரண்டுங்கள். சிறு திட்டுகள் என்றால் உள்ளே நார் ஒட்டியிருக்கிறது. கரண்டி விளிம்பால் வழவழப்பாகும்வரை வழித்துவிடுங்கள். எப்போதும் விளக்கை உள்ளே எரியவிட்டபடியே சுரண்டுங்கள். 10 முறை சுரண்டினால் ஒரு முறை இரண்டடி தள்ளி நின்று பாருங்கள். கிட்டத்தில் தெரியாதது அங்கே தெரியும்.

விளக்கின் நிறமும் ஒரு காரணம். பூசணிச் சதையைச் செம்மஞ்சளாக்கும் கரோட்டினாய்டுகள் நீல ஒளியை உறிஞ்சிக்கொள்ளும். நீல விளக்கு வைத்தால் துளை மட்டும் நீலமாக எரியும், சுரண்டிய இடமெல்லாம் செத்துக் கிடக்கும். சுரண்டல் வேலைக்கு வெள்ளை விளக்குதான். குளிர்வெள்ளை வைத்தால் துளைக்கும் சதைக்கும் நிற வித்தியாசம் கூடித் தெரியும். மஞ்சள்வெள்ளை வைத்தால் படம் முழுக்க ஒரே சாயலில் இழையும். மெழுகுவத்தி ஒன்றின் ஒளி நான்கு நிலைப் படத்துக்குப் போதாது. இதில் எங்களுக்கு இரண்டாம் கருத்து இல்லை.

துளைவழியே பல்பே தெரிந்து கண்ணைக் கூசவைத்தால், படத்தில் தோல் விட்ட பகுதிக்குப் பின்னால் விளக்கை நகர்த்துங்கள். இல்லையென்றால் சூடேறாத எல்.ஈ.டி. விளக்கைச் சுற்றி வெள்ளைத் தாளைக் குழலாக வையுங்கள். உள்ளே பின்சுவரில் அலுமினியத் தாள் ஒட்டினால் ஒளி பரவும்.

நேராகப் பார்த்தால் துளை வெள்ளை, ஓரமாகப் பார்த்தால் கறுப்பு

2 செ.மீ. சுவரில் 3 மி.மீ. அகலத்துக்கு வெட்டிய பிளவு ஒரு சுரங்கம்போல். நேரே நின்றால்தான் உள்ளே தெரியும். உள்பக்கமிருந்து கத்தியைச் சாய்த்துப் பிடித்து, துளையின் பின்விளிம்பைப் புனல்போல் அகலமாக்குங்கள். முன்பக்கக் கோடு மெல்லியதாகவே இருக்கும், ஒளி மட்டும் பக்கவாட்டிலும் வரும். அறுக்கும்போது ரம்பம் சாய்ந்துபோயிருந்தாலும் இதே சிகிச்சைதான்.

கறுப்பாக இருக்க வேண்டிய இடத்தில் ஊசி ஊசியாக வெளிச்சம்

மாதிரியைக் குத்தும்போது ஆழமாகப் போய்விட்டது. தோலைத் தாண்டினால் போதும், 2 மி.மீ. வரைக்கும்தான். ஏற்கெனவே குத்தியாயிற்றென்றால், அந்த இடத்தைத் துடைத்து உலரவைத்து, அழியாத கறுப்பு மார்க்கரால் ஒவ்வொரு புள்ளியையும் அடைத்துவிடுங்கள்.

விளிம்புகள் சுருங்கி உள்ளே மடிகின்றன

பூசணியில் 90 சதவீதத்துக்கு மேல் தண்ணீர். தோல் இருக்கும்வரை அது உள்ளேயே நிற்கும். வெட்டுமுகம் திறந்ததும் ஆவியாகும். சதை சுருங்க, தோல் சுருங்காமல் இருக்க, விளிம்பு உள்ளே வளையும். வாடியதுதான், அழுகவில்லை என்றால் மீட்கலாம். வாளியிலோ குளியல் தொட்டியிலோ குளிர்ந்த தண்ணீர் நிரப்பி முழுக்க அமிழ்த்துங்கள். காய் மிதக்கும், மேலே தட்டு வைத்து அழுத்துங்கள். மெல்லிய வேலைக்கு 2 மணி நேரம், ரொம்ப வாடியதற்கு இரவு முழுக்க. எடுத்ததும் தலைகீழாகக் கவிழ்த்து வடியவிட்டு, ஒற்றித் துடையுங்கள். குச்சி கொடுத்து ஒட்டிய துண்டுகள் இருந்தால் ஊறியபின் மறுபடி சரிபார்க்க வேண்டியிருக்கும்.

வேலைக்கு நடுவே நிறுத்துவதானால் வெட்டுமுகத்தில் ஈரத்துணி போட்டு, மேலே பிளாஸ்டிக் உறை சுற்றி, குளிர்பதனப் பெட்டியில் வையுங்கள். முடிந்த காயின் விளிம்பில் வாசலின் மெல்லப் பூசினால் வாடுவது தள்ளிப்போகும். பூஞ்சையை அது தடுக்காது. வாசலின் எரியக்கூடியது, ஆகவே பூசிய காயில் மெழுகுவத்தி வேண்டாம்.

உள்ளே கறுப்பும் சாம்பலுமாகப் பூஞ்சை

சுரண்டிய படம் சாதாரண முகத்தைவிடச் சீக்கிரம் பூக்கும். தோல் போன பரப்பு அவ்வளவு அதிகம். 4 லிட்டர் தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி வீட்டு உபயோக பிளீச் கலந்து, செதுக்கி முடித்த அன்றே உள்ளும் புறமும் தெளித்து உலரவிடுங்கள். கையுறை போட்டுக்கொண்டு, காற்றோட்டமான இடத்தில் செய்யுங்கள். வினிகர் போட்டாலும் பூஞ்சை போகும் என்று சொல்வார்கள். பிளீச்சோடு வினிகரைக் கலந்துவிடாதீர்கள், நச்சான குளோரின் வாயு கிளம்பும். பூத்த பூஞ்சையைச் சுரண்டி எடுத்துத் தெளித்தால் ஒரு நாள் கிடைக்கும், அவ்வளவே. அக்டோபர் 31க்கு வைக்கும் காயை 29க்கு முன்னால் வெட்டத் தொடங்காமல் இருப்பது எல்லா மருந்தையும்விட நல்லது. வெட்டாத காயோ, குளிர்ச்சியான உலர்ந்த இடத்தில் வாரக்கணக்கில் கிடக்கும்.

அடியில் தண்ணீர் கோத்து, காய் ஒரு பக்கம் சாய்கிறது

மேலே மூடி வெட்டிய காய் என்றால் உள்ளே கசியும் நீர் அடியிலேயே தேங்கி அழுகவைக்கும். அதற்குத்தான் அடியைத் திறக்கச் சொல்வது: நீர் வடியும், விளக்கின் மேல் காயைக் கவிழ்த்து வைக்கலாம், காம்பும் முகட்டு வளையமும் அறுபடாமல் பலமாக இருக்கும். மேலே வெட்டியாயிற்றென்றால் அடியில் சிறு வடிகால் துளை போட்டு, தரையில் நேரே வைக்காமல் அட்டைமேல் வையுங்கள். இரவில் உறைபனி விழும் ஊரில் காயை உள்ளே எடுத்துவிடுங்கள். உறைந்து உருகிய சதையைத் தண்ணீரில் ஊறவைத்தாலும் பழையபடி நிமிராது.

மூடி உள்ளே விழுகிறது, மெழுகுவத்தி அணைகிறது

மூடியைச் செங்குத்தாக வெட்டினால் காய் கொஞ்சம் சுருங்கியதும் உள்ளே விழும். கத்தியை 45 பாகை சாய்த்து, முனை நடுவை நோக்கி இருக்கும்படி வெட்ட வேண்டும். விழுந்துவிட்டதா? மூடியின் விளிம்பில் நான்கு பல்குத்தும் குச்சிகளைக் கிடையாகச் செருகினால் விளிம்பில் தங்கும். மெழுகுவத்திதான் வேண்டும் என்பவர்கள் பின்பக்கத்தில் மேலே கட்டைவிரல் அளவு புகைபோக்கித் துளை போடுங்கள். சுடருக்கு மேலே உள்ள சுவர் வெந்து கருகும் வாசனை வந்தால், அந்தப் பக்கம் சுரண்டிய படத்துக்கு ஆயுள் அன்றோடு முடிந்தது.

போட்டோவில் வெறும் வெள்ளைத் திட்டு

பிளாஷை அணையுங்கள், அது படத்தைப் பகலாக்கிவிடும். போன் கேமராவில் படத்தின் மிக வெளிச்சமான இடத்தைத் தொட்டு, வெளிச்ச அளவைக் கீழே இழுங்கள். கையில் பிடித்தால் ஆடும், எதன்மேலாவது சாய்த்து வைத்து 'டைமர்' போடுங்கள். கேமரா என்றால் முக்காலி, ஐ.எஸ்.ஓ. (ஒளியுணர்வு அளவு) 100, ஷட்டர் 1 நொடியில் தொடங்கி 4 நொடி வரை ஏற்றிப் பாருங்கள். படத்தில் கிடைமட்டமாகக் கோடு கோடாக விழுந்தால் எல்.ஈ.டி. துடிப்பதுதான் காரணம், ஷட்டரை இன்னும் மெதுவாக்கினால் மறையும்.